பூச்சி லேபிள் அச்சடிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊசியில் குத்தி வைத்த வண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும், எங்கே, எப்போது, யார் பிடித்தது என்ற லேபிள் கீழே இல்லையென்றால் ஆய்வுக்கு உதவாது. நூறு லேபிள் கையால் எழுதிக் கண் பூத்தவர்கள் எக்செல்லுக்கு மாறுவது நியாயம்தான். ஆனால் கையெழுத்தில் வராத தவறுகள் அங்கே சத்தமில்லாமல் நுழையும்.

முதலில் தேதி. ஏப்ரல் 3 என்று நினைத்து 3/4/2019 என அடிக்கிறீர்கள். கணினி அமெரிக்க முறையில் இருந்தால் மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். 13/4/2019 என்றால் பதிமூன்றாம் மாதம் கிடையாதே, அதை மட்டும் அப்படியே விட்டுவிடும். ஒரே பட்டியலில் சில தேதி புரண்டும் சில தேதி சரியாகவும் நிற்கும். பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. தட்டச்சு செய்யும் முன்பே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' ஆக மாற்றிவிடுங்கள். மாதத்தை ரோமன் எண்ணிலும் ஆண்டை நான்கு இலக்கத்திலும் எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது.

அதைவிட ஆபத்தானது, கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுப்பது. டெக்ஸ்டாக எழுதிய தேதியின் கடைசியில் 2019 இருந்தால் அடுத்த வரி 2020, அதற்கடுத்தது 2021. '420 மீ' என்ற உயரம் 421, 422 என்று ஏறும். ஒரே இரவில் விளக்குப்பொறியில் விழுந்த பத்துப் பூச்சிகள் பத்து ஆண்டுகளுக்குச் சிதறிப்போகும்! காப்பி, பேஸ்ட் செய்யுங்கள். அச்சடிக்கும் முன் களக்குறிப்பேட்டோடு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

'புதூர்' என்று மட்டும் போடாதீர்கள். தமிழ்நாட்டில் எத்தனை புதூர்! மாவட்டம்கூட நிலையில்லை, 2019 வரை திருநெல்வேலியில் இருந்த குற்றாலம் இன்று தென்காசி மாவட்டம். அட்சரேகை, தீர்க்கரேகையைச் சேர்த்தே எழுதுங்கள். நான்கு தசம இடம் என்றால் சுமார் 11 மீட்டர் துல்லியம். இரண்டோடு நிறுத்தினால் அது ஒரு கிலோமீட்டருக்கு மேல் போய்விடும்.

அச்சில் அளவு 100 சதவீதமாக இருக்கட்டும். 'ஃபிட் டு பேஜ்' எழுத்தைச் சுருக்கிவிடும். ஏரியல் 4 அல்லது 5 பாயின்ட் போதும். அந்த அளவில் தமிழ்ப் புள்ளியும் கொம்பும் ஒட்டிக்கொள்வதால், மனமில்லாமல்தான் ஆங்கிலத்தில் அடிக்கிறேன். அமிலமற்ற தடித்த தாள் வாங்குங்கள். மெல்லிய தாள் ஊசியில் சுழலும்.

பூச்சியைப் பதப்படுத்தி வைக்கும் ஆல்கஹால் குப்பிக்குள் போடும் லேபிள் தனிக் கதை. சாதாரண இங்க்ஜெட் மை கரைந்து ஓடும். லேசர் எழுத்தும் நாளடைவில் உரிந்து குப்பியின் அடியில் கிடக்கலாம். ஒரு லேபிளைச் சில வாரம் ஊறவைத்துக் குலுக்கிப் பார்க்காமல் மொத்தமாக அச்சடிக்காதீர்கள். அதுவரை பென்சிலால் எழுதிப் போடுங்கள். ஆல்கஹாலில் அது கரையாது.