பழைய ரேடியோகிராமின் ஒலியைத் தெளிவாக்குவது எப்படி? ஊசியிலிருந்து தொடங்குங்கள்

மட்டக்களப்புப் பக்கம் பழைய வீடுகள் சிலவற்றில் இன்னமும் ஒரு ரேடியோகிராம் இருக்கும். மேலே பூச்சாடி, அதற்கு ஒரு விரிப்பு, அதன் கீழே கனத்த மரப்பெட்டி. மூடியைத் திறந்தால் ரெக்கோட் பிளேயர், முன்பக்கம் வானொலி, அதற்கும் கீழே ஸ்பீக்கர். காசு போட்டுப் பாட்டுக் கேட்கும் ஜூக்பொக்ஸும் இதே வம்சம்தான். ஊசி, அம்பிளிபயர், ஸ்பீக்கர் மூன்றும் இரண்டுக்கும் பொது. அதனால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி ஜூக்பொக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் உதவும்.

"சத்தம் சரியில்லை" என்றதும் பலர் செய்வது ஒன்றுதான். உள்ளே இருக்கும், கண்ணாடி வால்வுகளால் இயங்கும் அம்பிளிபயரைக் கழற்றி வீசிவிட்டு, புளூடூத் வைத்த புதிய போர்ட் ஒன்றைப் பூட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பழைய பெட்டியின் ஒலி கெட்டிருந்தால் பாதிக் குற்றம் ஊசிக்கும் இசைத்தட்டுக்கும் நடுவிலேயே இருக்கும். அதைச் சரிசெய்யப் பற்றாசு வைக்கத் தெரிய வேண்டியதில்லை, செலவும் அதிகமில்லை. பழைய ரேடியோ திருத்துநர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான்: "மனே, ஊசியப் பாத்தியா?"

மின்சாரத்தைத் தொடும் முன்

வால்வு வைத்த செட்டுக்குள் 250 வோல்ட், சிலவற்றில் 300 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கண்டென்சர்களில் அது தேங்கி நிற்கும். ட்ரிப் ஸ்விட்ச் இருக்கிறது என்று துணிய வேண்டாம். தேங்கிய மின்சாரத்துக்கு ட்ரிப் ஸ்விட்ச் காவல் இல்லை. ட்ரான்ஸ்போமர் இல்லாத சில செட்டுகளில் சேசிஸ் எனப்படும் இரும்புத் தட்டே வீட்டு மின்சாரத்தோடு நேராக இணைந்திருக்கும். ஆகவே தொடக்கக்காரர்கள் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, மூடியைத் திறந்ததும் கைக்கு எட்டும் வேலைகளை மட்டும் செய்யுங்கள். அம்பிளிபயருக்குள் கை வைக்க வேண்டிய இடம் வரும்போது நானே சொல்கிறேன். அங்கே தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.

பல வருடம் ஓடாமல் கிடந்த பெட்டியை நேரடியாக பிளக்கில் செருகக் கூடாது. திருத்துநரிடம் சீரீஸ் பல்பு இருக்கும். 60 வோட் இழை பல்பு ஒன்றைத் தொடரில் போட்டுத்தான் முதல் தடவை மின்சாரம் கொடுக்க வேண்டும். பல்பு ஒரு கணம் எரிந்து பிறகு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தோடு எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷோர்ட் இருக்கிறது, உடனே நிறுத்த வேண்டும். எல்ஈடி பல்பு இதற்கு உதவாது. அப்புறம், ஐரோப்பியச் செட்டுகள் பலவற்றில் பின்பக்கம் வோல்ட் தெரிவு செய்யும் சிறு கட்டை ஒன்று இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். கட்டை 110இலோ 127இலோ நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஊசி

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். நகை வேலை செய்பவர்கள் பயன்படுத்தும் பூதக்கண்ணாடியை வாங்கி, நல்ல வெளிச்சத்தில் ஊசி முனையைப் பாருங்கள். நல்ல முனை உருண்டையாக இருக்கும். தேய்ந்த முனையில் ஒரு பக்கம் தட்டையாகி, அந்த இடம் மட்டும் பளிச்சென்று மின்னும். அப்படி மின்னினால் அந்த ஊசியால் இன்னொரு பாட்டுக்கூடக் கேட்க வேண்டாம். தட்டையான முனையின் ஓரம், தட்டில் ஒலி பதிந்திருக்கும் பள்ளத்தைச் சீவிக்கொண்டே போகும். அப்படிப் போன ஒலி பிறகு எந்த ஊசி போட்டாலும் திரும்பாது. 1977க்கு முன் இறக்குமதி கட்டுப்பாட்டில் இருந்த காலத்தில் புது ஊசி கிடைப்பது லேசான காரியம் அல்ல. தேய்ந்த ஊசியாலேயே ஓட்டிய தட்டுகள் பல வீடுகளில் இருக்கும். உங்கள் தட்டு புது ஊசியிலும் கரகரத்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஊசி வாங்கும்போது இரண்டு விடயம். ஒன்று, சபையர் முனையை விட வைர முனை பல மடங்கு நாள் தாங்கும். விலை சற்றுக் கூடினாலும் வைரத்தையே வாங்குங்கள். இரண்டு, அளவு. எல்பி எனப்படும் பெரிய தட்டு, நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுற்றும் சிறிய 45 தட்டு இரண்டின் பள்ளமும் மெல்லியது, அதற்கு 18 முதல் 25 மைக்ரோன் அளவு முனை வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய 78 தட்டின் பள்ளம் அகலமானது, அதற்கு ஏறக்குறைய 75 மைக்ரோன். பல பழைய பிளேயர்களில் ஊசியைத் திருப்பிப் போடச் சிறு நெம்புகோல் இருக்கும். ஒரு பக்கம் 78க்கு, மறுபக்கம் எல்பிக்கு. எல்பி முனையால் 78 தட்டைப் போட்டால் முனை பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சல் மட்டும்தான் கேட்கும். "தட்டு பழுதாகிவிட்டது" என்று ஒதுக்கிய எத்தனையோ 78கள் சரியான பக்கத்தைத் திருப்பியதும் பாடத் தொடங்கும்.

ஊசி தேயவில்லை, அழுக்குத்தான் என்றால் மென்மையான தூரிகையால் பின்னிருந்து முன்னோக்கி, தட்டு ஓடும் திசையிலேயே, துடைத்து எடுங்கள். குறுக்காகத் துடைத்தால் ஊசித் தண்டு முறியும். ஸ்பிரிட்டில் முக்க வேண்டாம், முனையை ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும்.

இரண்டாம் படி: கார்ட்ரிஜ்

ஊசி பொருந்தியிருக்கும் சிறு பெட்டிதான் கார்ட்ரிஜ். பழைய ரேடியோகிராம்களில் கிறிஸ்டல் வகை அதிகம். அந்தக் கிறிஸ்டல் ரோஷெல் உப்பால் ஆனது. ஈரத்தை உறிஞ்சும், வெப்பத்தையும் தாங்காது. கல்லடி, காத்தான்குடி போலக் கடலுக்கும் வாவிக்கும் நடுவே இருக்கும் ஊர்களின் காற்றில் அது இத்தனை வருடம் உயிரோடு இருந்தால் அதிசயம். வானொலி நன்றாகப் பாடுகிறது, ரெக்கோட் மட்டும் கிணற்றுக்குள் இருந்து பாடுவது போல் கேட்கிறது என்றால் கிறிஸ்டல் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பதிலாக செராமிக் கார்ட்ரிஜ் போடுங்கள். அதற்கு ஈரப் பயம் குறைவு. கிறிஸ்டலை விடச் சத்தம் கொஞ்சம் குறையும், வொலியூமைக் கூட்டிக்கொண்டால் போதும். மக்னெட்டிக் வகையை வாங்கி வந்துவிடாதீர்கள். அதன் மின்சைகை மிகச் சிறியது, தனியே ஒரு முன் அம்பிளிபயர் இல்லாமல் கேட்காது. ஜூக்பொக்ஸ்களில் பலவற்றுக்கு மக்னெட்டிக் வகைதான். அங்கே செராமிக்கைப் போடுவதும் அதே அளவு தவறு.

இன்னொன்று: ஸ்டீரியோ தட்டுகள் 1958இல்தான் விற்பனைக்கு வந்தன. அதற்கு முந்திய மோனோ கார்ட்ரிஜ்களில் ஊசி பக்கவாட்டில் மட்டும்தான் நன்றாக அசையும். ஸ்டீரியோ பள்ளத்தில் மேலும் கீழும் அசைய வேண்டும். மோனோ ஊசியால் ஸ்டீரியோ தட்டை ஓட்டினால் தட்டுக்குத்தான் கேடு.

மூன்றாம் படி: ஊசியின் பாரம்

நகை நிறுக்கும் சிறிய டிஜிட்டல் தராசை, தட்டு இருக்கும் உயரத்துக்குக் கொண்டுவந்து, அதன் மேல் ஊசியை மெதுவாக இறக்குங்கள். செராமிக் கார்ட்ரிஜ்களுக்குப் பொதுவாக 4 முதல் 6 கிராம். பழைய கிறிஸ்டல்களுக்கு அதைவிடக் கூடும். கார்ட்ரிஜோடு வந்த தாளில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். ஊசியைத் தாங்கும் பிளேயர்க் கையின் பின்பக்கம் இருக்கும் ஸ்பிரிங்கையோ எடைக்கட்டையையோ நகர்த்தினால் பாரம் மாறும். பாரம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்ற நம்பிக்கை தவறு. பாரம் போதாத ஊசி பள்ளத்துக்குள் துள்ளித் துள்ளிச் சுவரை இடிக்கும். உரத்த இடங்களில் குரல் உடைந்து கேட்பது அதனால்தான். நல்ல சோதனை வேண்டுமா? நாதஸ்வரத் தட்டு ஒன்றைப் போடுங்கள். சீவாளியின் ஓசை மேலே ஏறும் இடத்தில் உடையாமல் வந்தால் ஊசியும் பாரமும் சரி.

நான்காம் படி: தட்டைக் கழுவுதல்

நம் ஊர் ஈரத்தில் உறைக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். வினைல் தட்டுக்கு: வடிநீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு துளி விட்டு, மைக்ரோபைபர் துணியால் பள்ளம் ஓடும் வட்டத்திலேயே துடைத்து, மறுபடி வெறும் வடிநீரால் அலசுங்கள். நடுவில் ஒட்டியிருக்கும் தாள் நனையக் கூடாது. கராஜ்களில் பற்றரிக்கு ஊற்ற விற்கும் வடிநீர் போதும், அசிட்டை எடுத்துவிடாமல் போத்தலைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். கிணற்று நீர் வேண்டாம். கடலோரக் கிணறுகளின் உப்பு காய்ந்து பள்ளத்துக்குள்ளேயே தங்கிவிடும். நிழலில் நிமிர்த்தி வைத்து உலர்த்துங்கள், வெயிலில் தட்டு நெளிந்துபோகும்.

78 தட்டுகளில் பெரும்பாலானவை அரக்கால் ஆனவை. அவற்றில் ஸ்பிரிட் பட்டால் மேற்பரப்பே கரைந்துவிடும். ஒரு துளியும் கூடாது.

ஐந்தாம் படி: சுழற்சி

பாட்டு அலைபாய்கிறதா, அடியில் உறுமல் கேட்கிறதா? சுழல்தட்டைத் தூக்கிப் பாருங்கள். பி.எஸ்.ஆர், கரார்ட் போன்ற பிளேயர்களில் மோட்டர் தண்டுக்கும் சுழல்தட்டின் உள் விளிம்புக்கும் நடுவே ஒரு ரப்பர் சில்லு இருக்கும். அதில் பள்ளம் விழுந்திருந்தாலோ, ரப்பர் கல்லாக இறுகியிருந்தாலோ ஒலி ஆடும். பாமசியில் வாங்கும் ஸ்பிரிட்டால் சில்லையும் விளிம்பையும் மோட்டர் தண்டையும் துடையுங்கள். வழுவழுப்பாக இருந்தால் சில்லின் ஓரத்தை மெல்லிய மண்தாளால் லேசாகத் தேயுங்கள். மோட்டர் தண்டின் பெயரிங்குக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. ரப்பரில் எண்ணெய் படவே கூடாது. கேட்டு முடிந்ததும் வேகத் தெரிவை நடுநிலைக்குக் கொண்டுவந்து விடுங்கள், இல்லாவிட்டால் தண்டு அழுத்தி சில்லில் மறுபடி பள்ளம் விழும்.

வேகத்தைப் பார்க்கத் தட்டின் ஓரத்தில் ஒரு கடதாசித் துண்டை ஒட்டி, தொலைபேசியில் நேரம் வைத்து எண்ணுங்கள். 45 தட்டு நிமிடத்துக்கு 45 சுற்று. எல்பி மூன்று நிமிடத்துக்கு 100 சுற்று. அமெரிக்காவிலிருந்து வந்த ஜூக்பொக்ஸ் என்றால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், இங்கே 50. வோல்ட்டைக் குறைக்க ட்ரான்ஸ்போமர் போட்டாலும் மோட்டர் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 45 தட்டு 37.5 சுற்றுத்தான் சுற்றும், பாட்டு ஏறக்குறைய மூன்று சுரத்தானம் கீழே இறங்கிவிடும். அதற்கு 50 ஹேர்ட்ஸுக்கான மோட்டர் தண்டுக் கப்பிதான் தீர்வு.

ஆறாம் படி: கரகரப்பும் உறுமலும்

வொலியூமைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் அது அழுக்கு. செட்டைத் திறந்து, மின்சாரம் வடிந்துவிட்டதை மீற்றரால் உறுதிசெய்யத் தெரிந்தவர், மின் தொடர்புகளுக்கான கிளீனரை உள்ளே அடித்துக் குமிழைப் பல தடவை இருபக்கமும் திருப்பினால் சரியாகும். வால்வு செருகும் துளைகளுக்கும் அதே வைத்தியம். துரு இளக்கும் எண்ணெய் ஸ்பிரே இதற்கு ஆகாது.

"ம்ம்ம்" என்று உறுமினால் ஒரு எளிய சோதனை. வொலியூமை முழுக்கக் குறையுங்கள். உறுமலும் மறைந்தால் கோளாறு கார்ட்ரிஜ் பக்கம், பெரும்பாலும் கவச வயரிலோ எர்த் இணைப்பிலோ. குறைத்தும் உறுமல் அப்படியே இருந்தால் மின்வழங்கலின் பெரிய கண்டென்சர்கள் காய்ந்துவிட்டன. இங்கே திருத்துநர் வேண்டும். அவரிடம் இரண்டு விடயம் கேளுங்கள்: அந்தப் பெரிய கண்டென்சர்கள், மற்றது ஈ எல் 84 போன்ற வெளியீட்டு வால்வின் கிரிட் எனும் முனைக்குப் போகும் இணைப்புக் கண்டென்சர். மெழுகுத்தாள் வகை கண்டென்சர் கசிந்தால் கிரிட்டுக்கு நேர் வோல்ட் போய், வால்வு கொதித்து, குரல் தடித்து உடையும். 630 வோல்ட் பிலிம் வகை ஒன்றைப் போட்டால் பெட்டியே மாறிவிடும். பெரிய கண்டென்சரை "கூட இருந்தால் நல்லது" என்று இரண்டு மடங்காக்க விடாதீர்கள். ஈ இசட் 80 போன்ற, ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் ரெக்டிபயர் வால்வுக்கு அடுத்து வரும் கண்டென்சர் 50 மைக்ரோபராட்டைத் தாண்டக் கூடாது.

ஏழாம் படி: ஸ்பீக்கர்

பிளக்கைக் கழற்றிவிட்டு, காகிதக் கூம்பை இரு பக்கமும் விரல்களால் சமமாக மெல்ல அழுத்துங்கள். உரசல் கேட்டால் உள்ளே சுருள் மாட்டுகிறது, கூம்பை மாற்ற வேண்டிவரலாம். கிழிசல் மட்டும் என்றால் மெல்லிய டிஷு தாளை வெள்ளைப் பசையால் ஒட்டலாம். கனமான டேப் வேண்டாம்.

இரண்டு ஸ்பீக்கர் உள்ள பெட்டியில் தாழ்ந்த ஒலி இல்லையா? இரண்டின் வயர்களையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் 1.5 வோல்ட் பற்றரியை ஒரு கணம் தொடுங்கள். பற்றரியின் கூட்டல் முனையை எந்தக் காலில் வைத்தால் கூம்பு முன்னே வருகிறதோ, அந்தக் காலைக் குறித்துவைத்து, இரண்டையும் ஒரே மாதிரிப் பூட்டுங்கள். ஒன்று முன்னும் மற்றது பின்னும் போனால் மிருதங்கத்தின் இடந்தலை காணாமல் போய்விடும். வேலை முடிந்து வயர்களைத் திரும்பப் பூட்டாமல் செட்டைப் போடவே கூடாது. ஸ்பீக்கர் இல்லாமல் ஓடினால் வெளியீட்டு ட்ரான்ஸ்போமர் கருகிவிடும்.

வைக்கும் இடம்

தரை சமமாக இருக்கட்டும். பின்பக்க அட்டைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள், வால்வுகளுக்குக் காற்று வேண்டும். பிளேயர் ஸ்பிரிங்கின் மேல் மிதக்க வேண்டும். வண்டியில் கொண்டுவந்தபோது இறுக்கிய ஆணிகளை யாரும் தளர்த்தாமல் விட்டிருந்தால் ஸ்பீக்கரின் அதிர்வு ஊசிக்கே திரும்பி வந்து ஊளையிடும்.

கடல் பார்த்த ஜன்னலடியில் வைக்காதீர்கள். நொவம்பர் முதல் ஜனவரி வரை மழை கொட்டும் மாதங்களில் வாரம் ஒரு தடவையாவது அரை மணித்தியாலம் பாட விடுங்கள், வால்வின் சூட்டில் உள்ளே இருக்கும் ஈரம் போகும். மூடிக்குக் கீழே சிலிக்கா ஜெல் பை ஒன்று இருக்கட்டும். இடி மின்னல் தொடங்கினால் பிளக்கையும் கூரையில் போட்ட ஏரியல் வயரையும் கழற்றிவிடுங்கள்.