சீனப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்க அழைப்பா? கையெழுத்துப் போடும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்

சாங்சுன் நகரிலிருந்து ஒரு கடிதம்: மாதம் 9,000 யுவான். ஹாங்சோவிலிருந்து இன்னொன்று: மாதம் 14,000. இரண்டும் ஒரே வாரத்தில் வந்தன. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஹாங்சோவுக்கு விமானம் ஏறினேன். அங்கே ஒரு வருடம் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பட்டச் சான்றிதழ், கற்பித்தல் சான்றிதழ், போலீஸ் கடிதம், இஸட் விசா என்ற வேலை விசா பற்றியெல்லாம் வேண்டிய அளவு எழுதப்பட்டிருக்கிறது. நான் சம்பளத்தை மட்டும் பார்க்கிறேன். ஒரு நோட்டும் பேனாவும் போதும். கூகுள் ஷீட்ஸில் போட்டு வைக்காதீர்கள், சீனாவுக்குள் விபிஎன் இல்லாமல் அது திறக்காது.

முதல் படி: வரிக்கு முன்பா, பின்பா?

"ஷுய் ச்சியன்" என்றால் வரிக்கு முன், "ஷுய் ஹோவ்" என்றால் வரி போக. கடிதத்தில் இரண்டுமே இல்லையென்றால் முன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாய்பான் என்று சொல்லப்படும் வெளிநாட்டு விவகார அலுவலகத்துக்கு வீசாட் என்ற சீனச் செய்திச் செயலியில் ஒரு வரி எழுதிக் கேட்டால் பதில் வந்துவிடும். அந்தப் பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

இரண்டாம் படி: வருடத்துக்கு எத்தனை சம்பளம்?

நான் விழுந்த குழி இதுதான். என் ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பக்கத்தில் "மாதச் சம்பளம் 14,000 யுவான்" என்று மட்டும் இருந்தது. எதிர்ப்பக்கத்துச் சீனப் பிரதியில் அதே வரிக்குப் பின்னால் கூடுதலாக ஆறே எழுத்துகள். நான் கவனிக்கவே இல்லை. ஜூலை முதல் வாரம்வரை உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினேன். அந்த மாதம் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வரவில்லை. தாமதமாகியிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆகஸ்டிலும் வரவில்லை. வாய்பானில் இருந்த லாவ்ஷி (ஆசிரியரை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) பொறுமையாகச் சீனப் பக்கத்தைத் திருப்பி அந்த ஆறு எழுத்துகளின்மேல் பேனாவை வைத்தார்: பத்து மாதக் கணக்கில் வழங்கப்படும். அவர் என்னை ஏமாற்றவில்லை. அந்தக் கல்லூரியில் எல்லா வெளிநாட்டு ஆசிரியர்களுக்கும் அப்படித்தானாம். எனக்கு மட்டும் 28,000 யுவான் காற்றில் போன மாதிரி இருந்தது.

அதனால் "மாதம் எவ்வளவு" என்று கேட்காதீர்கள். "பிப்ரவரியிலும் ஜூலையிலும் ஆகஸ்டிலும் சம்பளம் உண்டா" என்று மாதத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்கி ஜூலை தொடக்கத்தில் முடிகிறது, நடுவில் சீனப் புத்தாண்டான வசந்த விழாவை ஒட்டி நீண்ட விடுமுறை. பணம் நிற்பது இந்த இடைவெளிகளில்தான். சீனப் பிரதியை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எனக்கு டீப்எல் பிடிக்கும். அவசரத்துக்கு வீசாட்டிலேயே படத்தை அழுத்திப் பிடித்து மொழிபெயர்த்துக்கொள்ளலாம், ஆனால் ஒப்பந்த மொழியில் அது அடிக்கடி உளறும்.

மூன்றாம் படி: பீரியட் கணக்கு

வாரத்துக்கு 14, 16, 20 என்று எழுதியிருப்பது மணி நேரமா, கே-ஷி எனப்படும் பீரியடா என்று பாருங்கள். ஒரு கே-ஷி பெரும்பாலும் 45 நிமிடம். அப்புறம், இங்கிலீஷ் கார்னர் என்ற ஆங்கில உரையாடல் கூட்டம், பேச்சுப் போட்டிக்கு மாணவர்களைத் தயார் செய்வது எல்லாம் இதற்குள் அடங்குமா, வெளியேவா? வகுப்பில் எத்தனை பேர்? பேச்சு வகுப்பில் நாற்பது பேர் என்றால் தொண்டைதான் போகும். எழுத்து வகுப்பில் அதே நாற்பது பேர் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து போகும்.

நான்காம் படி: வீடு

வளாகத்துக்குள் இலவச வீடு என்றால் அதைப் பணமாக மாற்றி எழுதுங்கள். ஊர் வாடகைக்கு நான் பெய்க்கே செயலியைத்தான் பார்ப்பேன். வளாகத்தின் பெயரைப் போட்டுச் சுற்றுவட்டாரத்தில் ஒரு படுக்கையறை வீடு என்ன விலை என்று பாருங்கள். தூரத்துக்குக் காவ்தே வரைபடம். கூகுள் வரைபடம் சீனத் தெருக்களைக் கொஞ்சம் தள்ளித்தான் காட்டும், நம்பாதீர்கள். பழைய வளாகம் நகர நடுவிலும் புதிய வளாகம் ஊருக்கு வெளியிலும் இருப்பது அங்கே சகஜம். எந்த வளாகத்தில் வகுப்பு என்பதையும் கேட்டுவிடுங்கள்.

வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் "யா யி ஃபூ சான்" என்ற சொல் காதில் விழும். ஒரு மாத முன்பணம், மூன்று மாத வாடகை மொத்தமாக. என் வீடு மாதம் 3,500. போய் இறங்கிய வாரமே 14,000 கையிலிருந்து போனது. முதல் சம்பளம் இன்னும் வரவில்லை.

குளிரையும் கணக்கில் எடுங்கள். சின்லிங் மலைக்கும் ஹுவாய் ஆற்றுக்கும் வடக்கே நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை, சாங்சுன் போன்ற வடகிழக்கு ஊர்களில் இன்னும் முன்னதாகவே, கட்டடம் முழுவதற்கும் வெப்பம் வரும். ஹாங்சோ, நாஞ்சிங், ஊஹான் எல்லாம் இந்த மலை-ஆற்றுக் கோட்டுக்குத் தெற்கு. பூஜ்யத்தைத் தொடும் குளிரிலும் ஏசியைத்தான் சூடான காற்றுக்கு ஓட்ட வேண்டும், மின்கட்டணம் உங்களுடையது. வடக்கே போனால் உறைந்துவிடுவோம் என்று பயந்த நான் தெற்கே வீட்டுக்குள் ஸ்வெட்டரோடு தூங்கினேன்.

ஐந்தாம் படி: வரி

வருடத்தில் 183 நாள் சீனாவில் இருந்தால் அங்கே குடியிருப்பவராகக் கணக்கு. ஆண்டு வருமானத்தில் 60,000 யுவான் கழிவு. மிச்சத்தில் முதல் 36,000க்கு 3 சதவீதம், அதற்கு மேல் 144,000 வரை 10 சதவீதம். ஆசிரியச் சம்பளம் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். சமூகக் காப்பீடு பிடித்தால் ஓய்வூதியத்துக்கு 8 சதவீதம், மருத்துவத்துக்கு 2 சதவீதம் அளவில் போகும். பிடிப்பது ஊருக்கு ஊர் மாறுகிறது, கேட்டுக்கொள்ளுங்கள். நாட்டைவிட்டு ஒரேயடியாகக் கிளம்பும்போது ஓய்வூதியக் கணக்கில் நீங்கள் கட்டியதைத் திரும்பக் கேட்கலாம். கீழே உள்ள கணக்கில் நான் காப்பீட்டைச் சேர்க்கவில்லை.

ஆறாம் படி: வகுத்துப் பாருங்கள்

சாங்சுன்: 9,000 பெருக்கல் 12, ஆக 108,000. வரி 2,280. வருட முடிவில் விமானச் செலவு 8,000 தருவார்கள். வீடு இலவசம். கையில் நிற்பது 113,720. வாரம் 14 பீரியட், பருவத்துக்கு 16 வாரம், இரண்டு பருவம்: 448 பீரியட். பீரியடுக்கு ஏறத்தாழ 254 யுவான்.

ஹாங்சோ: 14,000 பெருக்கல் 10, ஆக 140,000. வரி 5,480. வாடகை வருடத்துக்கு 42,000. விமானச் செலவு கிடையாது. மிச்சம் 92,520. வாரம் 20 பீரியட், மொத்தம் 640. பீரியடுக்கு 145.

மாதச் சம்பளத்தில் 5,000 குறைவாகத் தெரிந்த வேலை, வருட முடிவில் 21,200 யுவான் கூடுதலாகத் தருகிறது. அதுவும் 192 பீரியட் குறைவாக நின்று!

சின்ன எச்சரிக்கை: நிங்போவில் உள்ள நாட்டிங்ஹாம், சூசோவில் உள்ள சியான் ஜியாவ்தோங்-லிவர்பூல் போன்ற சீன-வெளிநாட்டுக் கூட்டுப் பல்கலைக்கழகங்களை இந்தத் தராசில் நிறுக்காதீர்கள். அங்கே சம்பளமும் வேறு, கேட்கும் முதுகலைப் பட்டமும் அனுபவமும் வேறு.

பின்சேர்க்கை 1: "ஜனவரியிலிருந்து ஒரே மாதிரி வந்த சம்பளம் அக்டோபரில் குறைந்துவிட்டது, கல்லூரி திருடுகிறதா?" என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். இல்லை. வரியை மாதாமாதம் கூட்டிக்கொண்டே போய்ப் பிடிக்கிறார்கள். 9,000 சம்பளத்தில் வரிக்குரியது மாதம் 4,000. ஒன்பதாம் மாதம் அது 36,000ஐத் தொடுகிறது. அதுவரை மாதம் 120 யுவான், அக்டோபரிலிருந்து 400. ஜனவரியில் மீண்டும் 120. செப்டம்பரில் புதிதாகப் போய் இறங்குபவருக்கு அந்த வருடம் 183 நாள் தேறாது என்பதால் நான்கு மாதமும் தனி அட்டவணை, மாதம் 190. குடியிருப்பவராகக் கணக்கான வருடத்தில் கூடுதலாகப் பிடித்திருந்தால் அடுத்த ஆண்டு மார்ச் 1 முதல் ஜூன் 30க்குள் வரிச் செயலியில் கேட்டு வாங்கலாம். அந்தச் செயலியில் கிடைக்கும் வரிப் பதிவைப் பத்திரப்படுத்துங்கள், ஊருக்குப் பணம் அனுப்பும்போது வங்கி கேட்கும்.

பின்சேர்க்கை 2: சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கேட்பவர்களுக்கு. என்னிடம் இருப்பது கனடா பாஸ்போர்ட். மொழி ஆசிரியர் தன் தாய்மொழியைக் கற்பிக்க வேண்டும் என்பது அங்கே பொது விதி. ஆங்கிலத்துக்கு நடைமுறையில் அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா குடியுரிமையைத்தான் பார்க்கிறார்கள். "சுற்றுலா விசாவில் வா, பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் சம்பளக் கணக்கே போடாதீர்கள், நம்பரை பிளாக் செய்யுங்கள். அதே விதியால் தமிழ் கற்பிக்க நமக்குத் தடையில்லை. பெய்ஜிங் அயல்மொழிப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் படிப்பு இருக்கிறது. அங்கிருந்து எப்போதாவது அழைப்பு வந்தாலும் ஜூலை, ஆகஸ்ட் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.