நியூமெரிக்(8,3) எங்கே கழன்றுபோகிறது?

சௌகார்பேட்டை நகைக்கடைக்கு சாஃப்ட்வேர் எழுதினால் எடையை மில்லிகிராம் வரை வைக்க வேண்டும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் அதற்கு நியூமெரிக்(8,3) என்ற டைப் போதும்: புள்ளிக்கு முன் 5 இலக்கம், பின் 3. 7.4856 போட்டால் 7.486 என்று ரவுண்டு செய்து சேமிக்கும். 100000 போட்டால் ஓவர்ஃப்ளோ எர்ரர். டேபிளுக்குள் இருக்கும்வரை வம்பில்லை.

(8,3) கழன்றுபோகும் முதல் ஓட்டை ஃபங்ஷன். சேதாரம் கணக்கிடும் ஃபங்ஷனுக்கு உள்ளே வருவதும் வெளியே போவதும் நியூமெரிக்(8,3) என்று எழுதினாலும், போஸ்ட்கிரஸ் அடைப்புக்குறியைச் சத்தமில்லாமல் தூக்கிப்போட்டுவிட்டு வெறும் நியூமெரிக் என்றே பதிந்துகொள்ளும். 7.485 கிராமுக்கு 12.5 சதவீத சேதாரம் கேட்டால் 0.935625 வரும். ஒரே எடையில் 10 மோதிரம் என்று வையுங்கள். ரசீதில் வரிக்கு வரி 0.936, கையால் கூட்டினால் 9.360. டேட்டாபேஸ் கூட்டுவது 9.35625, அச்சில் 9.356. 4 மில்லிகிராம் உதைக்கும். வாடிக்கையாளர் கால்குலேட்டரைத் தட்டும்போதுதான் தெரியும்.

எனவே ஃபங்ஷனின் கடைசி வரியிலேயே 3 இலக்கத்துக்கு ரவுண்டு செய்துவிடுங்கள். அல்லது நியூமெரிக்(8,3) மேல் 'எடை' என்று ஒரு டொமைன் (நாமே பெயர் வைக்கும் டைப்) உருவாக்கி, அதையே ஃபங்ஷனின் டைப்பாகக் கொடுங்கள். டொமைனுக்குள் இருக்கும் அடைப்புக்குறி கழலாது. ஆனால் பின்னாளில் 4 இலக்கம் வேண்டுமென்றால் டொமைனின் அடிப்படை டைப்பை மாற்ற முடியாது, புதிதாகத்தான் உருவாக்க வேண்டும். ஃபங்ஷனுக்குள் டிக்ளேர் செய்யும் வேரியபிளுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அங்கே (8,3) நிற்கும்.

அடுத்த ஓட்டை, செலக்ட் என்ற கேள்வியின் விடையிலிருந்து புது டேபிள் உருவாக்குவது. எடையை அப்படியே எடுத்தால் (8,3) கூடவே வரும். பெருக்கினாலோ சம் போட்டாலோ வராது. அந்த இடத்தில் நியூமெரிக்(8,3) ஆக காஸ்ட் (டைப் மாற்றம்) செய்யுங்கள். பிறகு டேபிளின் அமைப்பைக் காட்டும் பேக்ஸ்லாஷ் டி கட்டளையை அடித்துப் பாருங்கள்: வெறும் நியூமெரிக் என்று காட்டினால் கழன்றுவிட்டது. கேட்டலாகில் (போஸ்ட்கிரஸின் உள்பதிவேடு) டைப்மாட், அதாவது அடைப்புக்குறி விவரம், -1 என்றாலும் அதே அர்த்தம்.

ஹால்மார்க்கின் 6 எழுத்து எண்ணுக்கு இதே காஸ்ட் ஆகாது. 6 எழுத்து வரை மட்டும் ஏற்கும் வார்கேர்(6) ஃபீல்டில் 7 எழுத்து போட்டால் எர்ரர் வரும், அது நல்லது. வார்கேர்(6) ஆக காஸ்ட் செய்து போட்டால் 7ஆவது எழுத்தை வெட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

மைஎஸ்க்யூஎல் என்ற வேறு டேட்டாபேஸுக்கு மாற்றுகிறவர்கள் நியூமெரிக்குக்குப் பதில் வெறும் டெசிமல் என்று எழுதிவிட வேண்டாம். அங்கே அதற்கு (10,0) என்று பொருள், 7.485 கிராம் மோதிரம் 7 கிராமாகிவிடும்.