உணவகச் சாப்பாட்டுக்குக் கலோரிக் கணக்கு

கலோரி அளவு எழுதி வைக்கப்படாத நம் ஊர் உணவகங்களில், ஒவ்வொரு பதார்த்தத்தையும் துல்லியமாகக் கணக்கிட முயல்வதைவிட, சோறு, எண்ணெய் ஆகிய இரண்டை மட்டும் கவனித்து மதிப்பிடுவதே நடைமுறைக்கு உகந்தது. வெந்த சோறு 100 கிராமுக்கு ஏறத்தாழ 130 கலோரி என்பதால், வீட்டில் ஒருமுறை ஒரு கிண்ணச் சோற்றை நிறுத்துப் பார்த்துக்கொண்டால், இலையில் விழும் அளவு கண்ணுக்குப் பிடிபட்டுவிடும். ஏமாற்றுவது எண்ணெய்தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே சுமார் 120 கலோரி இருப்பதால், ஆவியில் வெந்த இட்லியின் கணக்கு பெரிதாகப் பிசகாவிட்டாலும், நெய் ரோஸ்ட், கல்லில் எண்ணெய் விட்டுச் சுட்டெடுக்கும் பரோட்டா, மேலே எண்ணெய் மிதக்கும் சால்னா ஆகியவற்றுக்கு வீட்டுக் கணக்கோடு ஒரு மேசைக்கரண்டி எண்ணெயைக் கூடுதலாகச் சேர்த்தெழுதுவது நல்லது. நல்லெண்ணெயில் புரட்டிய பொடி இட்லிக்கும் இதே கணக்குதான். தேங்காய்ச் சட்னியை மறுமுறை கேட்டு வாங்கினால் அதையும் குறித்துக்கொள்ள வேண்டும், ரசத்தை விட்டுவிடலாம்.