பசை நீக்கும் வைப்ஸ்: பிரிக்கும் முன் பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள்

அப்பாவின் ஸ்டோமா பையை (அறுவை சிகிச்சையில் வயிற்றில் வைத்த துளை வழியாக வரும் கழிவைச் சேர்க்கும் பை) வீட்டில் மாற்றுவது நான்தான். அதில் எனக்கு மிகவும் கவனம் தேவைப்படும் வேலை, பழைய பிளேட்டை, அதாவது பையைத் தோலோடு ஒட்டிப் பிடிக்கும் தகட்டை, வயிற்றிலிருந்து எடுப்பது. வயதானவர்களின் தோல் மெலிது. வெடுக்கென்று இழுத்தால் பசையோடு மேல்தோலும் உரிந்து வந்துவிடும். பசை நீக்கும் வைப்ஸ் (திரவத்தில் நனைத்த துடைப்புத் தாள்கள்) இதற்குத்தான். ஆனால் உள்ளே இருக்கும் திரவம் எது என்று தெரியாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது.

பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் பெயர்கள் இருக்கும். ஹெக்ஸாமெத்தில்டைசிலாக்சேன் மாதிரி ‘சிலாக்சேன்’ என்று முடிந்தால் அது சிலிக்கோன் வகை. பசைக்கும் தோலுக்கும் நடுவே பரவி, பிடியைத் தளர்த்திவிட்டுச் சீக்கிரம் ஆவியாகிவிடும். எரிச்சல் தராது, பிசுக்கும் பெரிதாக மிஞ்சாது. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

ஐசோபாரஃபின், டைபுரொப்பிலீன் கிளைக்கால் மெத்தில் ஈதர் என்று இருந்தால் அது பசையையே இளக்கும் கரைப்பான் வகை. விடாப்பிடியாக ஒட்டியிருக்கும் பிசினுக்கு நல்லது. ஆனால் தோலில் எண்ணெய்ப் படலம் தங்கும். கழுவாமல் விட்டால் அடுத்த பிளேட் சரியாக ஒட்டாது, ஓரத்தில் கசியும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் சேர்ந்திருந்தால் சிவந்த தோலில் சுரீரென்று எரியும், தோலையும் வறட்டும். ஆரஞ்சு மணம் வருவது லிமோனீனாக இருக்கலாம். காற்றுப்பட்டு நாளானால் அது சிலருக்கு ஒவ்வாமை தரும் பொருளாக மாறும். மணமில்லாததை வாங்குவதே மேல்.

புது பிராண்டு என்றால் முன்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள்.

சரி, எடுக்கும் விதம். மேல் ஓரத்தில் ஒரு மூலையை நகத்தால் கிளப்பாமல், வைப்பை அங்கே சில நொடி அழுத்தி வையுங்கள். ஓரம் தானாக லேசாகச் சுருண்டு எழும். ஒரு கையால் அந்த ஓரத்தைத் தோலை ஒட்டியே பின்னோக்கி மடக்குங்கள். மேல்நோக்கித் தூக்க வேண்டாம். இன்னொரு கையில் வைப்பை வைத்துக்கொண்டு, பசை பிரியும் கோட்டைத் தடவியபடியே தோலை அழுத்திப் பிடியுங்கள். நகர வேண்டியது பிளேட்தான், தோல் இல்லை. பிளாஸ்திரி என்றால் முடி வளரும் திசையிலேயே எடுங்கள். எங்கேயாவது இழுபட்டால் நிறுத்தி, இன்னும் கொஞ்சம் தடவிக் காத்திருங்கள். அவசரம் மட்டும் ஆகாது.

ஸ்டோமாவின் மேலோ, புண்ணிலோ, கண்ணருகிலோ வைப் படக் கூடாது. குளுக்கோஸ் சென்சார், இன்சுலின் பம்ப், வடிகுழாய் வைத்திருப்பவர்கள் பிளாஸ்டிக் பாகங்களில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில கரைப்பான்கள் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

கரைப்பான் வகை என்றால் வெதுவெதுப்பான நீரும் மிதமான சோப்பும் போட்டுக் கழுவி, ஒற்றித் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். மாய்ஸ்சரைசர் கலந்த சோப்பு வேண்டாம்; அதுவும் படலம் விடும். சிலிக்கோன் வகை என்றால் பெரும்பாலும் காய்ந்தால் போதும்.

அப்புறம், நெருப்பு. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பதுதான் என் கவலை. தோலுக்கு அவ்வளவு சாதுவான ஹெக்ஸாமெத்தில்டைசிலாக்சேன் எளிதில் தீப்பிடிக்கும் பொருள். 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே அதன் ஆவி பற்றிக்கொள்ளும். ஆல்கஹாலும் எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஆக்சிஜன் வைத்திருப்பவர் என்றால் இந்த வைப்ஸைப் பயன்படுத்தலாமா என்று முதலில் மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேளுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். பயன்படுத்தியதைக் குப்பையில் போடுங்கள், கழிப்பறையில் வேண்டாம்.

கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி மருத்துவரைப் பாருங்கள். குழந்தை வாயில் வைத்துச் சப்பிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு ஐசோபாரஃபின் போன்றவை நுரையீரலுக்குள் போனால்தான் பெரிய ஆபத்து. அந்தப் பாக்கெட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.