வரைந்தும் பிசைந்தும் நடித்தும் சொல்லட்டும்: மழலையர் வகுப்புக்கு ஒரு வழிகாட்டி

மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தை அறிந்தவை, அவற்றைச் சொல்ல அதற்கு வசப்பட்டிருக்கும் சொற்களைவிட எப்போதும் அதிகம். இரவு மழையில் ஓட்டு வீடு ஒழுகியதும், ஒழுகிய இடத்தில் அம்மா குண்டான் வைத்ததும், கட்டியிருந்த ஆட்டை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் அதற்கு நன்றாகத் தெரியும். ஆனால் எல்லார் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்தி "நேத்து என்ன நடந்துச்சு, சொல்லு" என்று கேட்டால் வாய் திறக்காது. நம் அங்கன்வாடிகளிலும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளிலும் வெளிப்பாட்டுத் திறன் என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது, கூட்டமாகப் பாட்டுச் சொல்வதுதான். அது காதுக்கும் நினைவாற்றலுக்கும் நல்லதே. ஆனால் இருபது குழந்தைகள் ஒரே வரியை ஒரே குரலில் சொல்லும்போது அவற்றுள் எந்தக் குழந்தையின் எண்ணமும் நமக்குக் கேட்பதில்லை.

இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகராட்சி 1963 முதல் நடத்திவரும் மழலையர் பள்ளிகளுக்கு வழிகாட்டிய லோரிஸ் மலகுஸ்ஸி, குழந்தைக்கு நூறு மொழிகள் உண்டு என்றார். கோடு, நிறம், மண், ஒலி, அசைவு, நடிப்பு ஆகிய அனைத்தையும் அவர் மொழி என்றே கணக்கில் சேர்த்தார். அந்தப் பள்ளிகளில் இதற்கெனத் தனிக் கலைக்கூடமும் அதற்கு ஒரு கலை ஆசிரியரும் உண்டு. ஓர் அறை, ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் என்று இயங்கும் நமது மையத்தில் அதே எண்ணத்தைச் செயல்படுத்த ஒரு சுருக்கமான வழி இருக்கிறது: நாளுக்கொரு புதிய செயல்பாடு என்று ஓடாமல், ஒரே அனுபவத்தை வாரம் முழுவதும் ஓர் ஊடகத்திலிருந்து அடுத்த ஊடகத்துக்கு நகர்த்துவது. தாளில் ஆடு வரைந்த குழந்தை அதையே மண்ணில் செய்யும்போது, நான்கு கால்களும் உடலைத் தாங்க வேண்டும் என்ற சிக்கலை முதன்முறையாகச் சந்திக்கிறது. அதையே நடிக்கும்போது, ஆடு எப்படி நடக்கும், யாரைப் பார்த்துக் கத்தும் என்று யோசிக்கிறது. ஒவ்வோர் ஊடகமும் ஒரு புதிய கேள்வியைக் கேட்பதால், அதே கதை ஒவ்வொரு முறையும் சற்று வளர்ந்து வருகிறது.

தொடக்கத்துக்கு எல்லாக் குழந்தைகளும் பகிர்ந்துகொண்ட ஓர் அனுபவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மழை நல்ல தேர்வு. மழை பெய்யும்போதே வாசலில் உட்காரவைத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல், கையை நீட்டி நனையவும் கூரையில் விழும் ஓசையைக் கேட்கவும் விடுங்கள். பிறகு உள்ளே வட்டமாக அமர்ந்து, ஒரு விரலால் உள்ளங்கையில் தட்டத் தொடங்கி, இரண்டு, மூன்று என்று விரல்களைக் கூட்டி, முழுக் கைதட்டலாக்கி, மீண்டும் ஒரு விரலுக்கு இறங்கினால் மழை வந்து ஓய்ந்துவிடும். அடுத்த மழையைக் குழந்தைகளுள் ஒருவர் நடத்தட்டும்: தூறலா, அடைமழையா, எப்போது நிற்க வேண்டும் என்பதெல்லாம் அக்குழந்தையின் முடிவு. பேசத் தயங்கும் குழந்தை பல நேரங்களில் முதலில் முன்வருவது இந்த இடத்தில்தான், ஏனெனில் இங்கே வாயைத் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வரைவதற்குப் பெரிய தாளும் தடித்த கிரேயானும் கொடுங்கள். தாள் இல்லாவிட்டால் பழைய காலண்டரின் பின்பக்கமோ, சுண்ணக்கட்டியும் சிமெண்டுத் தரையுமோ போதும். கரும்பலகையில் மாதிரி வரைந்து காட்டுவதும், அச்சிட்ட உருவத்துக்குள் வண்ணம் தீட்டவைப்பதும் இந்த வேளைக்குப் பொருந்தாது. ஆசிரியை ஒரு குடை வரைந்துவிட்டால் வகுப்பு முழுவதும் அதே குடைதான் வரும். மூன்று வயதில் பெரும்பாலும் கிறுக்கலும் ஒழுங்கற்ற வட்டமும் இருக்கும். பின்னர் தலையிலிருந்து நேரே இரண்டு கால்கள் இறங்கும் மனிதர் தோன்றுவார். உடம்பு எங்கே என்று கேட்டுத் திருத்த வேண்டியதில்லை, பெரும்பாலான குழந்தைகள் அந்தப் படியைக் கடந்தே செல்கின்றன. காலையில் மழை என்ற கிறுக்கல் மதியம் பாம்பாகிவிடுவதும் அந்த வயதின் இயல்பு.

அடுத்தபடியாக நாம் கேட்கும் கேள்வியில் கவனம் வேண்டும். "இது என்ன?" என்ற கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கிடைக்கும், அல்லது பயம் கிடைக்கும். "இதைப் பத்தி எனக்குச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். நமக்கு நீண்டதாகத் தோன்றும் அந்த மௌனத்தை உடனே நிரப்பிவிடாமல் இருப்பது, பயிற்சியால் மட்டுமே வரும் திறமை. குழந்தை பேசத் தொடங்கியதும் அதன் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "மழ பெருசா வந்துச்சி. ஆடு நனஞ்சிப் போச்சி. எங்கம்மா சாக்கப் போட்டு மூடுனாங்க" என்று சொன்னால் அப்படியே எழுத வேண்டும்; "மழை பலமாகப் பெய்தது" என்று திருத்தி எழுதினால் அது நம்முடைய கதையாகிவிடும். எழுதியதை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்துக் காட்டும்போது, தான் சொன்னது தாளில் நிலைத்திருக்கிறது என்பதைக் குழந்தை காண்கிறது. எழுத்து எதற்காக என்பதை அந்த ஒரு நிமிடம் விளக்கும் அளவுக்குப் பக்கம் பக்கமாக 'அ' எழுதவைப்பது விளக்குவதில்லை என்பது என் கருத்து. படத்தின் மேலேயே எழுதலாமா, பின்பக்கத்தில் எழுதலாமா என்று குழந்தையைக் கேட்டுக்கொள்ளுங்கள், படம் அதனுடையது. ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று குழந்தைகளிடம் மட்டும் கேட்டு எழுதினால் போதும். அந்த நேரத்தில் மற்றவர்களை உதவியாளர் விளையாட்டில் வைத்திருக்கலாம்.

வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ இந்தியோ பேசும் குழந்தை தன் மொழியிலேயே சொல்லட்டும். நமக்குப் புரியாவிட்டால், கேட்ட ஒலியைத் தமிழ் எழுத்தில் குறித்துவைத்து, மாலையில் அழைத்துப்போக வருபவரிடம் பொருள் கேட்டுக்கொள்ளலாம்.

மண் வேலைக்குக் குயவரிடம் வாங்கிய களிமண் மிகவும் ஏற்றது. கிடைக்காத இடத்தில் இரண்டு கோப்பை மைதா, ஒரு கோப்பை தூளுப்பு, ஒரு கரண்டி எண்ணெய் ஆகியவற்றுடன் ஏறக்குறைய ஒரு கோப்பை தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிப் பிசைந்தால் நல்ல மாவு கிடைக்கும்; இறுக மூடிய டப்பாவில் சில நாள் கெடாது. உப்பு மிகுதி என்பதால் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புளியங்கொட்டை, மணி போன்றவற்றை மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளிடம் தரவே கூடாது. அதைவிடப் பெரிய குழந்தைகளும் மூக்கில் நுழைத்துக்கொள்ளக்கூடும் என்பதால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். பிசுபிசுப்பை விரும்பாத குழந்தையின் கையை மாவில் அழுத்தாதீர்கள்: மாவை ஒரு தடித்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டிக் கொடுத்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். நிறத்துக்கு மஞ்சள், பீட்ரூட் சாறு, அடுப்புக்கரி போதும். மஞ்சள் பூசிக் காயவைத்த தாளில் சோப்புத் தண்ணீரைத் தொட்டு வரைந்தால் கோடு சிவப்பாக மாறும். அன்றைக்கு வேறு எந்தத் திட்டமும் நடக்காது என்று தெரிந்துகொண்டே தொடங்குங்கள்.

நடிப்பை வாரத்தின் கடைசியில் வைக்கலாம். சிகாகோவில் பல ஆண்டுகள் மழலையர் ஆசிரியராக இருந்த விவியன் பேலி, குழந்தை சொல்லி எழுதவைத்த கதையை அன்றே வகுப்பில் நடிக்கவைக்கும் வழக்கத்தை உருவாக்கினார். அதற்கு உடையோ மேடையோ தேவையில்லை. தரையில் கோலமாவால் ஒரு சதுரம் போட்டு அதுவே மேடை என்று சொல்லுங்கள். கதை சொன்ன குழந்தை தனக்கு வேண்டிய பாத்திரத்தை எடுத்துக்கொள்ளும். மற்றவர்கள் மழை, மரம், ஆடு, சாக்கு ஆவார்கள். நீங்கள் வரிவரியாக வாசியுங்கள், அவர்கள் செய்யட்டும். அடிப்பது, விழுவது எல்லாம் தொடாமல் பாவனையாகவே நடக்க வேண்டும் என்பதும், வேண்டாம் என்று சொல்லும் குழந்தையை அழைக்கக் கூடாது என்பதும் கட்டாய விதிகள். ஒருவரின் கதை மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் ஒரே அமர்வில் இரண்டு மூன்று கதைகள் ஆகும்.

படங்களைக் குழந்தையின் கண் மட்டத்தில் கயிறு கட்டி மாட்டுங்கள். நட்சத்திரமும் மதிப்பெண்ணும் வேண்டாம். சிறந்த படம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த வாரம் அந்தப் படத்தின் நகல்களே வரும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கோப்பில், தேதி எழுதி, மாதத்துக்கு ஒரு படமும் அதனுடன் சொன்ன கதையும் சேர்த்துவையுங்கள். மண் உருவத்தைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளலாம். "இன்னும் ஏ, பி, சி, டி எழுதவரலையே டீச்சர்" என்று வரும் பெற்றோரிடம் ஜூன் மாதத்துப் படத்தையும் டிசம்பர் மாதத்துப் படத்தையும் அருகருகே வைத்து, இரண்டின் கீழும் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டுங்கள். ஜூனில் இரண்டு சொல் சொன்ன குழந்தை டிசம்பரில் யார், எங்கே, ஏன் என்று தொடர்ந்து சொல்லியிருந்தால் அதைச் சுட்டிக்காட்டுங்கள்; அப்படி வளரவில்லை என்றால் அந்தக் குழந்தையின் கேட்கும் திறனையும் பேச்சையும் மருத்துவரிடம் பரிசோதிக்கும்படி அப்போதே சொல்வதற்கும் அதே கோப்பு உதவும்.