மியூசிக்பிரெய்ன்ஸில் ஓட்டுப் போடுமுன் பார்க்க வேண்டியவை

பாட்டு ஃபைல்களுக்குப் பெயர், பாடகர், படம், ஆண்டு எல்லாம் சரியாக ஒட்டித் தரும் பிக்கார்ட் மென்பொருள், தன் தகவலை மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற இசைத் தகவல் தளத்திலிருந்துதான் எடுக்கிறது. அங்கே யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அதனால் ஒருவர் தப்பாக இணைத்த பாட்டு, முகம் தெரியாத பலருடைய கணினியிலும் போனிலும் தப்பாகவே போய் உட்காரும். அதைத் தடுக்க அங்கே இருக்கும் வழிதான் ஓட்டு.

கணக்குத் தொடங்கியதுமே ஓட்டுரிமை கிடைக்காது. மின்னஞ்சலை உறுதி செய்திருக்க வேண்டும், உங்கள் திருத்தங்களில் குறைந்தது 10 ஏற்கப்பட்டிருக்க வேண்டும். ஓட்டுக்கு வரும் திருத்தம் 7 நாள் திறந்திருக்கும். எதிர் ஓட்டு இல்லாமல் 3 ‘ஆம்’ விழுந்தால் முன்னதாகவே நிறைவேறும். அதேபோல 3 ‘இல்லை’ மட்டும் விழுந்தால் முன்னதாகவே தள்ளுபடி. ஒருவருமே ஓட்டுப் போடாவிட்டால் 7 நாள் கழிந்ததும் தானாக ஏற்கப்பட்டுவிடும். கவனிக்க ஆளில்லாத இடத்தில் தப்பு உள்ளே நுழைவது இந்த வழியில்தான். இன்னொரு பக்கம், ஒரு ‘ஆம்’கூட இல்லாத திருத்தத்தைத் தோற்கடிக்க ஒற்றை ‘இல்லை’ போதும். அந்த ஒற்றை ஓட்டின் கனத்தை உணர்ந்து போடுங்கள்.

எல்லாத் திருத்தத்தையும் ஒரே அளவு நேரம் கொடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. எழுத்துப்பிழை திருத்தம், விடுபட்ட தேதி சேர்ப்பு போன்றவை தப்பானாலும் மறுநாள் சரிசெய்துவிடலாம். இணைப்பு அப்படியில்லை. இரண்டு கலைஞர்களையோ இரண்டு ஒலிப்பதிவுகளையோ ஒன்றாக்கிவிட்டால் பிரிக்கப் பொத்தான் கிடையாது. எந்தப் பாட்டு யாருடையது என்று ஒவ்வொன்றாகக் கையால் பிரித்து அடுக்க வேண்டும். உங்கள் நேரத்தில் பெரும்பங்கை இணைப்புகளுக்கும் நீக்கங்களுக்கும் கொடுங்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த நான்கைந்து இசையமைப்பாளர்களைப் பின்தொடரும் பட்டியலில் சேர்த்துக்கொண்டால், அவர்கள் தொடர்பாகத் திறந்திருக்கும் திருத்தங்கள் மட்டும் தனியாகத் தெரியும்.

‘மை நேம் இஸ் பில்லா’ என்று இரண்டு ஒலிப்பதிவுகள் இருக்கின்றன, இரண்டையும் இணைக்கலாம் என்று ஒருவர் முன்மொழிகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அவை எந்தெந்த வெளியீட்டில் (ஆல்பத்தில்) இருக்கின்றன என்று பாருங்கள். 1980-இல் வந்த ‘பில்லா’வுக்கு இசை எம்.எஸ். விஸ்வநாதன், 2007-இல் வந்ததற்கு யுவன் சங்கர் ராஜா. பாடலின் பெயர் ஒன்றானாலும் ஒலிப்பதிவு வேறு, ஆகவே ‘இல்லை’. படைப்பு, அதாவது மெட்டும் வரிகளும் சேர்ந்த பாடல், என்ற அளவில் இரண்டும் எப்படித் தொடர்புபடுகின்றன என்பது தனிக் கேள்வி. அதற்கு மெட்டையும் வரிகளையும் ஒப்பிட வேண்டும். பாடியவர் ஒலிப்பதிவோடும், இசையமைத்தவரும் எழுதியவரும் படைப்போடும் சேர்க்கப்படுவார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் பாதி தீரும்.

இணைப்புக்கு ஆதாரமாகப் பலரும் அக்கூஸ்ட்ஐடி ஒலிரேகையை, அதாவது பாட்டின் ஒலியிலிருந்து கணக்கிடும் அடையாளத்தை, காட்டுவார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். அது வழக்கமாகப் பாட்டின் முதல் 120 விநாடியை வைத்துக் கணக்கிடப்படுவது. தொடக்கம் ஒன்றாக இருந்து முடிவு மட்டும் வெட்டப்பட்ட பதிப்பு இருந்தால் அதில் வித்தியாசம் தெரியாது. பின்னணி இசை அப்படியே இருந்து குரல் மட்டும் மாறும் கரோக்கே, தெலுங்கு டப்பிங் போன்றவற்றிலும் ஏமாற இடமுண்டு. பாட்டின் நீளம், பாடகர் பெயர், மொழி மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். நீளத்தில் 15 விநாடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணம் கேட்காமல் ‘ஆம்’ போட வேண்டாம். மறு மாஸ்டரிங் செய்த (அதே பதிவின் ஒலியை மட்டும் சீர்செய்த) பதிப்பு என்றால் மட்டும் தயங்க வேண்டியதில்லை. இத்தளத்தின் விதிப்படி அது தனி ஒலிப்பதிவு ஆகாது.

தமிழ் வெளியீடுகளில் அடிக்கடி அநியாயமாக ‘இல்லை’ வாங்குவது ஆங்கில எழுத்தில் உள்ள பாடல் தலைப்புகள். “தமிழ்ப் பாட்டு, தமிழில்தான் இருக்க வேண்டும்” என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் ஆல்பம் அட்டையில் ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருந்தால் அப்படித்தான் பதிய வேண்டும்: மொழி தமிழ், எழுத்து லத்தீன். தமிழ் எழுத்தில் பட்டியல் வேண்டுமென்றால் அதை மாற்றுப் பட்டியலாகத் தனியே சேர்த்து மூல வெளியீட்டோடு தொடர்புபடுத்த வழி இருக்கிறது. இளையராஜா பெயர் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக அச்சானாலும் கலைஞர் ஒருவர்தான். புதுப் பக்கம் தொடங்காமல் மாற்றுப்பெயராகச் சேர்க்க வேண்டும்.

‘இல்லை’ போடும்போது குறிப்பு எழுதாமல் போடாதீர்கள். “தவறு” என்ற ஒற்றைச் சொல் யாருக்கும் உதவாது. “2வது டிராக் 4:52, நீங்கள் காட்டும் ஒலிப்பதிவு 3:40. பெண் குரல் பதிப்போ? அட்டைப் படம் இருந்தால் லிங்க் கொடுங்கள்” என்று எழுதினால், எதிரில் இருப்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். சந்தேகம் மட்டும்தான், உறுதியில்லை என்றால் ‘நடுநிலை’ போட்டுக் கேள்வியை எழுதுங்கள். பதில் வந்தால் உங்களுக்கும் மின்னஞ்சல் வரும். முதல் ‘இல்லை’ கடைசி 72 மணி நேரத்தில் விழுந்தால், திருத்தியவர் பதில் சொல்ல வசதியாக முடியும் நேரம் தானே தள்ளிப்போகும். என்றாலும் தப்பு கண்ணில் பட்ட அன்றே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

உங்கள் திருத்தத்துக்கு ஒருவர் ‘இல்லை’ போட்டார் என்பதற்காக அவர் திருத்தங்களைத் தேடிப்போய் ‘இல்லை’ போடுவது, நண்பர்களைக் கூட்டி வந்து ஓட்டுச் சேர்ப்பது, இரண்டாவது கணக்கில் தனக்கே ஓட்டுப் போடுவது எல்லாம் தகவலையும் கெடுக்கும், ஆட்களையும் விரட்டும். புதிதாக வந்தவர் பட்டியலில் ஒரே தப்பு பத்து இடத்தில் இருந்தால் பத்து ‘இல்லை’ வேண்டாம். ஒன்றில் விளக்கமாக எழுதி, மற்றவற்றை அவரையே ரத்து செய்யச் சொல்லுங்கள். திறந்திருக்கும் வரை தன் திருத்தத்தை அவரே ரத்து செய்யலாம்.

‘இல்லை’ போட்டுவிட்டு மறந்துவிடுவது பொதுவான குறை. அவர் அட்டைப் படத்தோடு வந்து உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார் என்றால், நீங்களே திரும்பிப் போய் ஓட்டை ‘ஆம்’ என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பழைய ‘இல்லை’ அப்படியே எண்ணப்பட்டு, சரியான திருத்தம் தோற்றுவிடலாம்.